கல்பாசிப் பொட்டலத்திலிருந்து ஊதா எடுப்பது எப்படி

செட்டிநாட்டுக் கோழிக்கு என்று வாங்கிய கல்பாசி, நாலு இதழ் போட்ட பிறகு மீதி அப்படியே ஆறு மாதமாக டப்பாவில் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து பட்டு நூலுக்கு ஊதாச் சாயம் எடுக்கலாம். கல்பாசி நிறத்தில் சாம்பல், அடியில் கறுப்பு, இதிலே ஊதா எங்கே இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. அம்மோனியாவும் காற்றும் நாலைந்து வாரப் பொறுமையும் சேர்ந்தால்தான் வெளியே வரும். நான் பெரம்பூரில் ஒரு ஃபிளாட்டின் மொட்டை மாடியில் செய்தேன். மூன்று முறை சொதப்பி நான்காவது முறை வந்தது. நீங்கள் முதல் முறையிலேயே எடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சாமான் என்று இரண்டு வரி. தெலுங்கில் ராதி புவ்வு, கன்னடத்தில் கல்லு ஹூவு, இந்தியில் பத்தர் கா ஃபூல், மராத்தியில் தகட் ஃபூல். எல்லாருக்கும் இது கல்லில் பூத்த பூ. நமக்கு மட்டும் பாசி. உண்மையில் இது லைக்கன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், பூஞ்சையும் ஆல்காவும் ஒரே உடம்பாகச் சேர்ந்து வாழ்வது. பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, ஆல்கா வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் 1860-களின் கடைசியில் இதைச் சொன்னபோது அந்தக் காலத்து லைக்கன் நிபுணர்களே கேலி செய்தார்கள். 2016-இல் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ஆக வீட்டில் இரண்டு பேர்தான் என்ற கணக்கும் இப்போது உறுதியில்லை. நம் வேலைக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான். இந்தப் பூஞ்சைகள் வேறு எங்கும் அதிகம் பார்க்க முடியாத நூற்றுக்கணக்கான அமிலங்களைத் தயாரித்துத் தங்கள் உடம்பில் சின்னச் சின்னப் படிகமாகச் சேர்த்து வைக்கின்றன. வெயிலைத் தடுக்க, பூச்சி கடிக்காமல் இருக்க, பக்கத்தில் வேறு எதுவும் முளைக்காமல் இருக்க. அந்த அமிலங்களில் ஒன்றுதான் நம் ஊதாவுக்கு மூலப்பொருள்.

சரி, கடைக்குப் போவோம்.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிறைய வேண்டும் என்றால் சௌகார்பேட்டையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு மசாலாக் கடைகள். கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. நான் முதல் தடவை போனபோது நடந்தது இப்படி:

"அண்ணே, கல்பாசி நூறு கிராம் குடுங்க."

"கடல்பாசியா தம்பி? பால்ல போடுறதா, நோன்புக்கா?"

"இல்லண்ணே, கல்பாசி. கறிக்குப் போடுறது."

"அப்படித் தெளிவா சொல்லு."

கடல்பாசி என்பது வெள்ளையாக நாடா மாதிரி இருக்கும் அகர் அகர், கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுப்பது. அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இத்தனைக்கும் சில கடைகளில் கல்பாசி டப்பாவிலேயே கடல்பாசி என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், அதனால் பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து வாங்குங்கள். பொடித்து விற்பதை வாங்க வேண்டாம், ஏனென்று கொஞ்ச நேரத்தில் புரியும். இதழ் பெரிதாக, உடையாமல், மேல்பக்கம் வெளிர் சாம்பலாக இருப்பதைப் பொறுக்கி எடுக்கச் சொல்லுங்கள். மக்கிய வாசம் அடித்தால் மழையில் நனைந்த சரக்கு, வேண்டாம்.

சென்னையிலேயே மரத்தில் இருந்து சுரண்டிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு காரணத்துக்காகக் கூடாது. ஒன்று, இந்தப் பெரிய இதழ் வகை நம் வெயிலில் வளராது, ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி மாதிரி பனி இறங்குகிற மலை வேண்டும். இங்கே தென்னை, மாமரத் தண்டில் பார்க்கிற வெள்ளை, சாம்பல் வட்டங்கள் பெரும்பாலும் பட்டையோடு ஒட்டிக்கிடக்கும் மேலோட்டு வகை, சுரண்டினால் பட்டைதான் வரும். இரண்டாவது, லைக்கனுக்கு வேர் கிடையாது. வேண்டியது எல்லாவற்றையும் மழையிலும் காற்றிலும் இருந்து உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது, அப்போது வண்டிப்புகையில் இருக்கும் உலோகமும் உள்ளே போய்விடும். 1986-இல் செர்னோபில் வெடித்தபோது ஸ்காண்டிநேவியாவில் லைக்கன்கள் கதிரியக்க சீசியத்தை இழுத்து வைத்துக்கொண்டன, அதை மேய்ந்த கலைமான்களின் இறைச்சியைச் சாப்பிட முடியாமல் போனது. மலைக்குச் சுற்றுலா போகிறவர்களும் மரத்தில் இருந்து பிய்க்காதீர்கள். பல வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், நீங்கள் இரண்டு விரலால் பிய்ப்பது பத்து வருஷத்து வளர்ச்சியாக இருக்கலாம். காட்டில் எடுக்க அனுமதியும் வேண்டும். அபார்ட்மென்ட்டில் மரத்தில் இந்த வட்டங்களைப் பார்த்து நோய் என்று சுண்ணாம்பு அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: லைக்கன் மரத்தைச் சாப்பிடாது, உட்கார இடம் மட்டும் கேட்கிறது. மரத்தை விடுங்கள், அதையும் விடுங்கள்.

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் நேராக ஊறப் போடாதீர்கள். அதுதான் என் முதல் தவறு. கல்பாசி என்று விற்பது ஒரே ஒரு இனம் இல்லை. புத்தகத்தில் பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று ஒரு பெயர்தான் போட்டிருக்கும், ஆனால் பொட்டலத்தில் அதோடு அதன் சொந்தக்காரர்கள், தூரத்து உறவு, வழியில் ஏறிக்கொண்டவர்கள் எல்லாரும் இருப்பார்கள். நம் ஊதாவைத் தருவது பெர்லாட்டம் இல்லை. அதில் இருப்பது ஸ்டிக்டிக் அமிலம், அதை எத்தனை மாதம் ஊற வைத்தாலும் பழுப்புத் தண்ணீர்தான். ஊதா தருவது லெக்கனோரிக் அமிலம் உள்ள பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்ற இன்னொரு இனம். டிங்க்டோரம் என்றால் லத்தீனில் சாயக்காரர்களுடையது என்று அர்த்தம், பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார். தென்னிந்திய மலைகளில் அது தாராளமாக வளர்கிறது, கல்பாசிப் பொட்டலத்திலும் கலந்து வருகிறது. அதைப் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. பொடியாக வாங்கினால் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒரு தாம்பாளத்தில் கொட்டி, முதலில் மரப்பட்டை, பாசம், குச்சி, மண், செத்த எறும்பு எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுங்கள். அப்புறம் இதழ்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த கல்பாசி நொறுங்கும், ஈரம் பட்டதும் ஒரு நிமிஷத்தில் தோல் மாதிரி மிருதுவாகி விரியும், புதுச் சரக்காக இருந்தால் சாம்பல் நிறம் லேசான பச்சைக்கு மாறும். மேல்தோல் ஈரத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் ஆல்கா தெரிவதால் அந்தப் பச்சை. நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, பாரிமுனையில் விலை மலிவாகவே கிடைக்கும்.

இப்போது குழுவாகப் பிரியுங்கள். இதழின் ஓரம் உதடு மாதிரி மடிந்து மாவு தூவியது போல இருந்து, ஓரத்தில் கண்ணிமை மாதிரி கறுப்பு முடிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெர்லாட்டம். அகலமான, வட்டமான இதழ், ஓரத்தில் முடி இல்லை, மேல்பரப்பின் நடுவில் மணல் கொட்டியது போல நுண்ணிய குச்சிக் குச்சியாக முளைகள், இதுதான் நாம் தேடுகிற டிங்க்டோரம். நாடா மாதிரி ஒடுங்கிக் கிளை பிரிந்து ஓரமெல்லாம் கறுப்பு முடியாக இருப்பது எவர்னியாஸ்ட்ரம், இமயமலைப் பக்கத்துச் சரக்கில் அதிகம். மஞ்சள் கலந்த பச்சையில் தாடி மாதிரி நூல் நூலாக இருந்தால் அஸ்னியா. அதைத் தனியே எடுத்துக் குப்பையில் போடுங்கள். அரபு, யுனானி மருத்துவத்தில் லைக்கனை உஷ்னா என்பார்கள், அந்தப் பெயரில் இருந்துதான் அஸ்னியா வந்தது. அதில் இருக்கும் அஸ்னிக் அமிலம் பாக்டீரியாவைக் கொல்லும், வெளிப்பூச்சு மருந்துகளில் பயன்பட்டிருக்கிறது. அதையே உடம்பு இளைக்கிற மாத்திரையில் போட்டு விற்றார்கள், சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டுப் போய் 2001-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. மூலிகைதானே என்று எதையும் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். மஞ்சளாக இருக்கும் வேறொரு லைக்கனை, லெத்தாரியா வல்பினா என்று பெயர், ஸ்காண்டிநேவியாவில் இறைச்சியில் கலந்து ஓநாய்க்கு விஷமாகவே வைத்திருக்கிறார்கள்.

கண்ணால் பிரித்தது சரிதானா என்று பார்க்க ஒரு சொட்டு ப்ளீச்சிங் பவுடர் தண்ணீர் போதும். லைக்கன் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்யும் சோதனை இது, பாரிஸில் இருந்த வில்லியம் நைலாண்டர் 1866-இல் தொடங்கி வைத்தது. (அதே வருஷம் அதே மனிதர்தான், நகரத்தின் நடுவில் லைக்கன் குறைவதற்கும் காற்று கெட்டுப்போவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று லக்ஸம்பர்க் தோட்டத்தை வைத்து எழுதினார். ஷ்வெண்டனரைக் கேலி செய்தவர்களில் இவரும் ஒருவர் என்பது வேறு விஷயம்.) மழைக்காலத்தில் தெருவோரம் தூவுவார்களே, அதே பவுடர்தான். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுங்கள். இதழின் மேல்தோலை ப்ளேடால் ஒரு கடுகு அளவுக்குச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு தெரியும். அந்த வெள்ளையில் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு வையுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். லெக்கனோரிக் அமிலம் இருந்தால் அந்த இடம் உடனே ரத்தச் சிவப்பாகும், ஆகி கொஞ்ச நேரத்திலேயே மங்கிப் போய்விடும். போன் எடுத்து வருவதற்குள் மறைந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. பெர்லாட்டமாக இருந்தால் ஒன்றுமே நடக்காது.

இங்கேதான் என் இரண்டாவது சொதப்பல். வீட்டில் எப்போதோ வாங்கி வைத்த ப்ளீச்சிங் பவுடரை எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாற்பது இதழைச் சோதித்தேன். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. பொட்டலமே மோசம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு இன்னொரு பொட்டலம் வாங்கினேன், அதுவும் சிவக்கவில்லை. பவுடர் பழசாகி குளோரின் எல்லாம் போய்விட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. பையைப் பிரித்தால் மூக்கைப் பிடிக்கிற மாதிரி வாடை வர வேண்டும், வரவில்லை என்றால் அது வெறும் சுண்ணாம்பு. புதிதாக வாங்கி வந்து பார்த்தால் முதல் பொட்டலத்திலேயே ஒரு கைப்பிடி சிவந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு, ஆர்வம் இருந்தால் செய்யலாம். 10 சதவீத காஸ்டிக் சோடா கரைசல், அதாவது 10 மில்லி தண்ணீரில் 1 கிராம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். இதைப் பெர்லாட்டத்தின் உள்வெள்ளையில் வைத்தால் மஞ்சளாகி ஆரஞ்சுக்குப் போகும், எவர்னியாஸ்ட்ரத்தில் சலசினிக் அமிலம் இருப்பதால் மஞ்சளாகிப் பிறகு சிவக்கும். சாயத்துக்கு இது தேவையில்லை, பொட்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்குத்தான். சோதித்த துண்டுகளை எக்காரணம் கொண்டும் சமையல் டப்பாவில் திரும்பப் போடாதீர்கள்.

ஒவ்வொரு இதழாகச் சோதிக்க வேண்டியதில்லை. டிங்க்டோரம் என்று நினைத்து ஒதுக்கிய குவியலில் பத்துக்கு இரண்டு எடுத்துப் பாருங்கள், சிவந்தால் குவியல் சரி.

இனி ஊறல். சிவந்த இனத்தில் 10 கிராம் எடுத்துக் கையால் நொறுக்குங்கள், மாவாக்க வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், வாய் அகலமாக, மூடி ப்ளாஸ்டிக்கில். தண்ணீர் 200 மில்லி. அம்மோனியா 25 மில்லி. இந்த அம்மோனியா பாரிமுனைப் பக்கம் ஆய்வகக் கெமிக்கல் விற்கும் கடைகளில் லிக்கர் அம்மோனியா என்று கிடைப்பது, சுமார் 25 சதவீதம். ரொம்பக் கடுமையான சரக்கு. பாட்டிலை மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நின்றுகொண்டு திறவுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. குழந்தைகள், பூனை பக்கத்தில் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ப்ளீச்சிங் பவுடர் வேலையும் அம்மோனியா வேலையும் ஒரே நாளில், ஒரே மேஜையில், ஒரே டம்ளரில் செய்யாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரமின் வாயு வரும், நுரையீரலைக் கெடுக்கும். ஒரு நாள் சோதனை, அடுத்த நாள் ஊறல் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. சோதித்த துண்டுகளையும் பாட்டிலில் போடாதீர்கள்.

பழைய காலத்தில் அம்மோனியாவுக்குக் கடைக்குப் போகவில்லை, மூத்திரத்தைப் பிடித்து வைத்துப் புளிக்க விட்டார்கள். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இந்தச் சாயத்தால் பணக்காரர்களான ஒரு குடும்பத்துக்கு ருச்செல்லாய் என்ற பெயரே சாயத்தின் பெயரில் இருந்துதான் வந்தது, கடற்கரைப் பாறைகளில் வளரும் ரோசெல்லா லைக்கனை அப்படித்தான் ஊற வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் கத்பர்ட் கார்டன் என்பவர் 1758-இல் இதே மாதிரி ஒரு சாயத்துக்குக் காப்புரிமை வாங்கி, தன் பெயரைத் திரித்துக் கட்பியர் என்று விற்றார். நான் ஃபிளாட்டில் இருப்பவன், அசோசியேஷன் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவன், ஆகவே கடை அம்மோனியா.

பாட்டிலை மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவையாவது குலுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து காற்று உள்ளே போக விட்டு மூட வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டதுதான் என் மூன்றாவது சொதப்பல், பத்து நாள் திறக்காமல் வைத்துவிட்டு ஊதா வரவில்லை என்று கொட்டிவிட்டேன். நடக்கிற வேலை இது: லெக்கனோரிக் அமிலம் என்பது ஆர்செல்லினிக் அமிலத்தின் இரண்டு மூலக்கூறு கைகோத்தது. அம்மோனியாத் தண்ணீர் அந்தக் கையை அவிழ்க்கிறது, அவிழ்ந்த துண்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று போய் ஆர்சினால் என்ற நிறமில்லாத பொருள் மிஞ்சுகிறது. ஆர்சினால், அம்மோனியா, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் ஆர்சீன் என்ற ஊதாக் கலவை உண்டாகும். ஆக்சிஜன் இல்லை என்றால் பாதி வழியில் நின்றுவிடும். நம் மார்ச், ஏப்ரல் வெயிலில் வாயு விரிந்து பாட்டில் இறுகும், அதனாலும் திறந்து திறந்து மூட வேண்டும், நேர் வெயிலில் வைக்கக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே நிழலில் ஒரு வாளிக்குள் வைத்தேன்.

முதல் நாள் டீ நிறம். மூன்றாம் நாள் ஆரஞ்சுச் சிவப்பு. ஒரு வாரத்தில் திராட்சை ரசம். குலுக்கும்போது எழும் நுரையைப் பாருங்கள், நுரை இளஞ்சிவப்பில் இருந்து ஊதாவுக்கு மாறினால் சரியான பாதை. மூன்று வாரத்தில் சாயம் போடலாம், ஐந்து ஆறு வாரம் விட்டால் இன்னும் ஆழமாகும். அம்மோனியா வாடை குறைந்து போனால் ஐந்து மில்லி சேருங்கள். ஒன்று மறக்காதீர்கள், பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்க்க நன்னாரி சர்பத் மாதிரியே இருக்கும், மாடிக்கு வடகம் காயப்போட வருகிற யாராவது எடுத்து முகர்ந்து பார்த்தால்கூட ஆபத்து.

நூலைப் பற்றி. இந்தச் சாயம் பட்டிலும் கம்பளியிலும் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது. படிகாரம் போட்டுப் பதப்படுத்த வேண்டியதில்லை, தானாகவே ஒட்டும். ஆனால் ரங்கநாதன் தெருப் பக்கம் வளையல் சுற்ற சில்க் த்ரெட் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியெஸ்டர். பின்னல் கடையில் உல்லன் என்று விற்பதும் அநேகமாக அக்ரிலிக்தான். ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கிய வாடை அடித்து, சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகப் போனால் அசல் பட்டு, இல்லை கம்பளி. காகிதம் எரிந்த வாடை என்றால் ரேயான், உருகி உருண்டையாகக் கெட்டியானால் பிளாஸ்டிக் சாதி. காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் கழிவு நூல் கேளுங்கள், எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நூலைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் இருப்பதைத் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துப் பழைய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். இந்தப் பாத்திரம் இனிமேல் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மாடியில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வைத்து, நூலைப் போட்டு, ஆவி பறக்கும் சூட்டில், கொதிக்க விடாமல், முக்கால் மணி நேரம். கொதித்தால் பட்டின் பளபளப்பு செத்துப்போகும். அடுப்பை அணைத்து அதிலேயே ராத்திரி முழுக்க ஊற விட்டுக் காலையில் எடுத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசி நிழலில் காய வையுங்கள். எனக்கு நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு நிறம் வந்தது. அதே தண்ணீரில் இரண்டாவது கற்றை போட்டால் வெளிர் ஊதா, மூன்றாவதுக்கு ரோஸ்.

இதே தண்ணீரைத் தடித்த வெள்ளைக் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசிக் காய வைத்து, கீற்றாக நறுக்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு ஒரு மாலை நேரம் போகும். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவப்பு, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் நீலம் கலந்த ஊதா. பள்ளிக்கூட லிட்மஸ் தாளும் லைக்கன் சாயம்தான். ரோசெல்லா வகையை அம்மோனியாவோடு பொட்டாசியம் கார்பனேட்டும் சேர்த்து ஊற வைத்தால் ஆர்சீனுக்குப் பதில் லிட்மஸ் கிடைக்கும். கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு இன்னொரு இடத்திலும் பழக்கம் இருக்கும், குரோமோசோம் பார்க்கச் சாயம் ஏற்றும் அசிட்டோ ஆர்சீன் இதன் உறவுதான்.

ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் இந்த ஊதா நிற்காது. ஜன்னல் ஓரம் வைத்த கற்றை சில வாரங்களில் வெளுத்துப் பழுப்பானது, புத்தகத்துக்குள் வைத்தது அப்படியே இருக்கிறது. 1856-இல் பதினெட்டு வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின் லண்டனில் தார் எண்ணெயில் இருந்து செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்ததும் லைக்கன் சாய வியாபாரம் படுக்கத் தொடங்கியதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். ஆகவே புடவைக்கு வேண்டாம். சின்னக் குஞ்சம், ஜாக்கெட் கையில் ஒரு வரி எம்பிராய்டரி, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவக்காத குவியல் மீதி இருக்குமே, சோதனைச் சொட்டு படாத பெர்லாட்டம், அது குழம்புக்கு. கீழ்வீட்டு ஆச்சி காரைக்குடிக்காரர், நான் ஒரு கைப்பிடி போட்டு வறுத்ததைப் பார்த்து, "அது என்ன கீரையா ராசா, அள்ளிப் போடுறே? கசந்துபோகும். அரைக் கிலோ கறிக்கு ரெண்டு இதழ் போதும்" என்றார். அவர் சொன்னபடி, தண்ணீரில் இரண்டு தடவை அலசி மண் போக்கித் துணியில் ஒற்றிக் காய வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பட்டை, சோம்பு, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூவுக்கு முன்னாலேயே போடுங்கள். சும்மா முகர்ந்தால் கல்பாசிக்கு வாசமே கிடையாது. அதன் மேல்தோலில் அட்ரனோரின் என்ற பொருள் இருக்கிறது, தண்ணீரில் அது கரையவே கரையாது என்று சொல்லலாம். அது உடைந்தால் கிடைக்கும் துண்டு ஒன்று, பிரெஞ்சு வாசனைத் திரவியக்காரர்கள் ஓக்மாஸ் என்று இன்னொரு லைக்கனில் இருந்து எடுக்கும் அதே மணத்தின் முக்கியப் பொருள். கன்னோஜில் ஹினா அத்தர் காய்ச்சுகிறவர்களும் இதைச் சரிலா என்ற பெயரில் சேர்க்கிறார்கள். அதனால் கொதிக்கிற குழம்பில் கடைசியாகப் போட்டால் பிரயோஜனம் இல்லை. எண்ணெயில் போட்டு, இதழ் சுருண்டு, மழை பெய்த மண்ணும் விறகுப் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசம் வந்ததும் வெங்காயத்தைப் போட்டுவிடுங்கள், கருக விடக் கூடாது.